வண்ணம் தீட்டிய மரப்பொம்மைகளும் அவற்றைச் செய்த கைகளும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

முதல் உலகப் போரின்போது பிரான்சில் மரப்பலகையை அறுத்து, கையால் வண்ணம் தீட்டி விற்ற சிறு பொம்மைகளையும் நினைவுப் பொருள்களையும் இன்று சேகரிப்பவர்கள் போரின் சின்னங்களாகவே பார்க்கிறார்கள். அவற்றுள் பல, போரில் உடல் உறுப்பிழந்த மனிதர்கள் தம் கையால் செய்து மீண்டும் கூலி ஈட்டத் தொடங்கியவை என்பதையே இன்று நான் வலியுறுத்த விரும்புகிறேன்.

போருக்கு முன்னர் பொம்மை வணிகத்தில் ஜெர்மனியின் ஆதிக்கமே ஓங்கியிருந்தது. நியூரம்பர்க், சோனபர்க் நகரங்களின் சரக்கு பிரெஞ்சுக் கடைகளிலும் ஏராளமாக விற்பனையானது. 1914 ஆகஸ்டில் அந்த வரத்து நின்றது. அதே ஆண்டின் இறுதிக்குள், பழைய வேலைக்குத் திரும்ப இயலாத இளைஞர்கள் மருத்துவமனைகளிலிருந்து வெளிவரத் தொடங்கினார்கள். லியோன் நகர மேயர் எதுவார் எரியோ அவர்களுக்காக டிசம்பரில் ழோஃப்ர் பள்ளி என்ற தொழிற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கணக்கெழுதுதல், தையல், காலணித் தொழில் ஆகியவற்றோடு பொம்மை செய்யவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். காலிழந்தவர் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய தொழில்கள் இவை.

பயிற்சிக்கு வரப் பலர் தயங்கியதற்குக் காரணம் சோம்பல் அன்று; தொழில் கற்றுச் சம்பாதிக்கத் தொடங்கினால் ஓய்வூதியத்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சம். அந்த அச்சம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஓய்வூதியம் குறையாது என்று மீண்டும் மீண்டும் உறுதியளிக்க வேண்டியிருந்தது.

பொம்மைகளைச் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். மெல்லிய பலகையில் பக்கவாட்டு உருவத்தை வரைந்து, இழைவாளால் அறுத்து, விளிம்பைத் தேய்த்து, நிழலோ மெருகோ இன்றித் தட்டையான சில வண்ணங்களைப் பூசிக் கருங்கோட்டால் முகத்தை முடித்திருப்பார்கள். சிவப்புக் காற்சட்டையும் துணித்தொப்பியும் அணிந்த வீரன் போரின் தொடக்க மாதங்களின் தோற்றத்தைக் காட்டுகிறான். வெளிர்நீலச் சீருடையும் இரும்புத் தலைக்கவசமும் 1915ஆம் ஆண்டில் வந்தவை. தலையில் பெரிய கருநிற நாடாமுடிச்சு அணிந்த அல்சாஸ் பெண்ணுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. 1871இல் ஜெர்மனியிடம் இழந்த மாநிலத்தை அவள் உருவில் வாங்குபவர்கள் அடையாளம் கண்டார்கள்.

அருங்காட்சியகங்கள் இப்பொருள்களைப் பெரும்பாலும் 'நாட்டுப்பற்றுப் பொம்மை' என்ற தலைப்பில் அடக்கிவிடுகின்றன. அடிப்பலகையில் பட்டறையின் முத்திரை இருந்தால், அதையும் விவரச்சீட்டில் முதல் வரியாகவே எழுதுங்கள் என்று காப்பாட்சியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.