சேடை வயலில் உள்ளான்கள்

நேயர்களுக்கு வணக்கம். மேட்டூர் அணையில் இருப்பு போதுமானதாக இருக்கிற ஆண்டுகளில், கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள் தண்ணீர் ஓடும். இரண்டு கரையிலும் சேர்ந்து 45,000 ஏக்கர் பாசனம். சேலம் மாவட்டம் தேவூர் பக்கம் நெல்லுக்குச் சேடை ஓட்டுகிற, அதாவது தண்ணீர் கட்டி வயலைச் சேறாக உழுகிற, அதே மாதங்களில்தான் வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்த உள்ளான்கள் என்ற, சேற்றில் இரை தேடும் கரையோரப் பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. மழையில் ஏரிகள் நிரம்பிவிட்டால் கரையோரமே ஆழமாகிவிடும், குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. அப்போது வயல்தான் கதி.

வயல் என்றால் எல்லா வயலும் அல்ல. ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றாலும் ஒன்றிரண்டு வயலில்தான் கூட்டமாக மேயும். சேடை ஓட்டி, பரம்படித்துச் சமன் செய்து, நடவுக்குக் காத்திருக்கிற வயலை முதலில் தேடுங்கள். டிராக்டரின் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் சேற்றைப் புரட்டும்போது மண்புழுவும் பிள்ளைப்பூச்சியும் சின்னச் சிவப்புப் புழுக்களும் மேலே வந்துவிடும். உழும்போதே பின்னால் ஓடிப் பொறுக்குவது கொக்கும் வாலாட்டியும். உள்ளானுக்கு அந்த இரைச்சல் ஆகாது, வண்டி கரையேறிச் சேறு அமர்ந்த பிறகுதான் வரும்.

நட்ட பிறகு ஏறத்தாழ மூன்று வாரம் வரை சேறு வெளியே தெரியும். பயிர் தூர் கட்டி மூடிவிட்டால் உள்ளே பறவை இருந்தாலும் நமக்குத் தெரியாது. 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடுகிற திருந்திய நெல் சாகுபடி வயலில் இன்னும் சில நாள் பார்க்கலாம். அங்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டு, இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர்தான் கட்டுவார்கள், சிறிய உள்ளானின் காலுக்கு அது சரியான அளவு.

தண்ணீரின் ஆழத்தைப் பார்த்தாலே யார் நிற்பார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தண்ணீர் வடிந்து மினுமினுக்கிற சேற்றில் சின்னப் பட்டாணி உப்புக்கொத்தியும் கொசு உள்ளானும் ஓடும். இரண்டு மூன்று விரற்கடைத் தண்ணீரில் பொறி உள்ளான். அதற்கு மேல் ஆழமென்றால் பச்சைக்காலி, சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான். கால்வாய்க் கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற இடங்களில் காலையில் இருந்த கூட்டம் மாலையில் பக்கத்து வயலுக்கு மாறிவிடுவதற்கு இதுதான் காரணம்.

புதிதாகப் பார்ப்பவர்களைத் திணறடிப்பது மூன்று பழுப்பு உள்ளான்கள். பொறி உள்ளானுக்கு முதுகெல்லாம் வெண்புள்ளி, கண்ணுக்கு மேலே நீளமான வெள்ளைப் புருவம், மஞ்சள் கலந்த பச்சைக் கால். பச்சை உள்ளான் இன்னும் கருப்பு. பெரும்பாலும் தனியாக, திறந்த வயலைவிட வாய்க்கால் ஓரத்தில் இருக்கும். சந்தேகமானால் பறக்கும் வரை பொறுங்கள். இரண்டுக்குமே வாலடி வெள்ளைதான். ஆனால் பச்சை உள்ளானுக்குச் சிறகின் அடிப்பக்கம் கரி நிறம், பொறி உள்ளானுக்கு வெளிறிய நிறம். மூன்றாவது, சாதா உள்ளான். மார்புக்கும் சிறகுக்கும் நடுவே வெள்ளை மேலேறி நிற்கும், பின்பாகம் ஓயாமல் ஆடும். பறந்தால் சிறகை முழுக்க வீசாமல் நீருக்கு மேலே தாழ்வாக விட்டுவிட்டு அடித்துப் போகும்.

கொசு உள்ளானில் காலைப் பாருங்கள். கருப்பென்றால் கொசு உள்ளான், மஞ்சள் சாயலென்றால் டெமிங்க் கொசு உள்ளான். ஆனால் சேறு அப்பிய கால் எல்லாமே கருப்பாகத்தான் தெரியும். காலை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டுவதால் வருகிற தவறுகள் நிறைய. பறக்கும்போது வால் ஓரம் பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் டெமிங்க்.

நீண்ட அலகுக் கோரை உள்ளான் வரப்போரப் புல்லில் படுத்திருக்கும், கிட்டத்தட்ட காலடியில் இருந்து கிளம்பும். சிறகின் பின் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் விசிறிவால் உள்ளான், தெரியாவிட்டால் ஊசிவால் உள்ளான் என்று சந்தேகப்படலாம். உட்கார்ந்திருக்கும்போது இவற்றைப் பிரிப்பது வீண் வேலை. 'கோரை உள்ளான் இனம்' என்று மட்டும் எழுதிக்கொள்வதே நேர்மை. மயில் உள்ளானில் பெண்ணுக்குத்தான் செம்மண் நிறக் கழுத்து. அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் ஆண். பொழுது சாயும் நேரத்தில்தான் வெளியே வரும்.

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை உள்ள இருநோக்கி போதும். காலையில் வயலின் கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். வெயிலை எதிர்த்து நின்றால் ஈரச் சேறு கண்ணாடியாகக் கூசும், எல்லாப் பறவையும் நிழலுருவாகிவிடும். பத்து மணிக்கு மேல் கானல் எழும்பும், தூரத்துப் பறவையின் கால் நிறம் பொய் சொல்லும். 40 மீட்டருக்குள் நெருங்க வேண்டாம். ஆள்காட்டி கத்தினால் அப்படியே நின்றுவிடுங்கள். அது அடங்காமல் நீங்கள் நகர்ந்தால் மொத்த வயலும் காலியாகும்.

வரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேடைக் காலத்தில் வரப்பைக் கழித்து, புதுச் சேறு பூசியிருப்பார்கள். அதில் மிதித்தால் பூச்சு உடைந்து, நண்டு வளை, எலி வளை வழியாகக் கட்டிய தண்ணீர் இரவோடு இரவாகக் கீழ் வயலுக்குப் போய்விடும். வயல்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. கேட்டுவிட்டு, காய்ந்த பெருவரப்பில் மட்டும் நடங்கள். மருந்தடித்த வயலென்றால் அன்று இறங்கவே வேண்டாம்.

எண்ணும்போது ஒரு முனையில் தொடங்கி ஒரே திசையில் போங்கள், பெரிய கூட்டத்தைப் பத்துப் பத்தாக. சேற்றுப் பூனைப்பருந்து ஒருமுறை தாழப் பறந்தாலே எல்லாம் எழும்பி இடம் மாறி உட்காரும். அப்போது பழைய கணக்கோடு கூட்டாமல் முதலிலிருந்து எண்ணுங்கள்.

பட்டியலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றும்போது பறவை எண்ணிக்கையோடு வயலின் நிலையையும், தண்ணீர் எத்தனை விரற்கடை என்பதையும் எழுதுங்கள். 2015 முதல் பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆனால் அதற்குள் நம் கால்வாயை அடைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும், வயல் காய்ந்து அறுவடைக்கு நிற்கும். அந்தக் கணக்கில் சேடை வயல் உள்ளான்கள் வராது. செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் தேவூர், பூலாம்பட்டிப் பக்கம் எடுக்கிற பட்டியல்களில்தான் அவை இருக்கும். வணக்கம்.