வைக்கோல் போருக்குள் ஒரு வெந்நீர் ஊற்று

(நீடாமங்கலத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கொட்டும் பனியிலும் நேரத்தோடு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு எழுத்துக் கற்றுத்தந்து இன்று முன்வரிசையில் அமர்ந்து நான் பேசக் கேட்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, அரங்கத்துக்கு இடம் கொடுத்த அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, மூணாறு தலைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடைசிப் பேருந்தைப் பற்றிக் கவலைப்படாமல் வந்திருக்கும் விவசாயிகளே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடையை மேடைக்குக் கீழே பந்தல் போட்டுக்கொண்டிருக்கும் தம்பிக்கே கொடுத்துவிடுகிறேன்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இன்று முழுக்கத் துரும்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மூன்று விஷயம்: எரிபொருளாக உதவும் ஹைட்ரஜன் வாயுவை வெந்நீர் ஊற்றில் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் யார், அவை அதை ஏன் செய்கின்றன, அதற்கும் நம் வயல் வைக்கோலுக்கும் என்ன சம்பந்தம்.

இமாச்சலப் பிரதேசத்தில் மணிகரண் என்று ஓர் ஊர். அரிசியைத் துணியில் முடிந்து அங்குள்ள ஊற்றில் இறக்கினால் சோறாகிவிடும். அப்படிப்பட்ட தண்ணீரில் எந்த உயிர் இருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1966-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் தாமஸ் பிராக் என்ற அறிஞரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் சேகரித்த மாதிரியிலிருந்து, 70 டிகிரியில் செழிக்கும் பாக்டீரியா ஒன்று கிடைத்தது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பிசிஆர் பரிசோதனை முறையே அதனிடமிருந்து எடுத்த நொதியால் கைகூடியதுதான்.

ஹைட்ரஜன் விஷயத்தில் நாயகன் வேறொருவன். நியூசிலாந்தின் டாவ்போ பகுதியில் வெந்நீர் ஊற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்த மரத்துண்டிலிருந்து எடுத்தது. கால்டிசெல்லுலோசிரப்டர் என்று பெயர். பெயரை விடுங்கள், பசியைப் பாருங்கள். நார்ச்சத்தையே உடைத்துத் தின்கிறது. நம் வைக்கோலில் பெரும்பங்கு அதுதானே!

அது ஏன் ஹைட்ரஜன் விடுகிறது? நாம் சர்க்கரையை எரிக்கும்போது மிஞ்சும் எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சூட்டுச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அதனால் ஹைட்ரோஜினேஸ் என்ற நொதி அந்த எலக்ட்ரானை ஹைட்ரஜன் அயனியில் ஏற்றி, வாயுவாக வெளியே தள்ளுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு அதிகபட்சம் 4 ஹைட்ரஜன் மூலக்கூறு. மிதமான சூட்டில் வாழும் கிருமிகள் பெரும்பாலும் 2-க்கு மேல் தருவதில்லை. ஆனால் வாயு அங்கேயே தேங்கினால் வேலை மந்தமாகிவிடும். வடிகால் அடைபட்ட வயலில் பயிர் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

சரி, நம் டெல்டாவில் வெந்நீர் ஊற்று எங்கே இருக்கிறது என்பீர்கள். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு வருஷம் இருந்தது.

நான் ஏழாவது படித்தேன். குறுவை அறுத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெரியப்பா காயாத வைக்கோலையே போர் போட்டுவிட்டார். நாலாம் நாள் விடியற்காலை அத்தை, "போர் பத்திக்கிச்சு!" என்று அலறினார். தெருவே குடத்தோடு ஓடிவந்தது. போரின் உச்சியில் வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா எல்லாரையும் நிறுத்தினார். கடப்பாரையைப் போருக்குள் செருகி, ஒரு வெற்றிலை போடும் நேரம் விட்டு உருவினார். நுனியைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார். "புகை இல்லடா, ஆவி. உள்ளே வேகுது" என்றார். அண்ணன் சும்மா இருக்கவில்லை. கிடை போட்டிருந்த வாத்துக்காரரிடம் முட்டை ஒன்று வாங்கி, அந்த ஓட்டைக்குள் வைத்து அடைத்துவிட்டான். மத்தியானம் போரைப் பிரித்தபோது உள்வைக்கோல் புகையிலை நிறத்தில், வெல்லப்பாகு வாடையோடு இருந்தது. முட்டையை உடைத்தோம், மஞ்சள் கரு இறுகியிருந்தது! அண்ணனைத் திட்டிக்கொண்டே பாதியைப் பெரியப்பாதான் சாப்பிட்டார்.

அடுப்பு மூட்டியது யார்? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். முதலில் சாதாரணக் கிருமிகள் சூடேற்றும், அப்புறம் சூட்டை விரும்பும் கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவை காற்றை வாங்கி வாழ்பவை, நியூசிலாந்துக்காரன் காற்றில்லாமல் வாழ்பவன். ஆனால் இரண்டுக்கும் சாப்பாடு ஒன்றுதான், துரும்பு. சிறு துரும்பும் பல் குத்த உதவும்!

அந்தச் சாப்பாட்டைத்தான் நாம் கொளுத்துகிறோம். தாளடிக்கு அவசரம் என்று குறுவைத் தாளில் தீ வைக்கிறோம். தழைச்சத்தெல்லாம் புகையாகப் போகிறது, மேல்மண்ணில் இருக்கும் உயிர்கள் வெந்து சாகின்றன. கொளுத்துகிறவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். வைக்கோல் கட்டும் இயந்திரம் இரண்டு மா, மூன்று மா வைத்திருப்பவர் வயலுக்கு உரிய நாளில் வருவதில்லை. போன வருஷம் என் வயலுக்கு ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள் மழை வந்தது.

2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன், அதாவது கரிப்புகையை அதிகம் விடாமல் எடுக்கும் ஹைட்ரஜன், இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. தாவரக் கழிவிலிருந்து எடுப்பதும் அந்த வரையறைக்குள் வருகிறது. ஊற்றுக் கிருமிகளின் வேலை இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கிறது. அது ஆலையாகி நம் பக்கம் வரும் நாளில் வைக்கோல் கையில் இருக்கவேண்டாமா? சிறு துரும்பையும் சாம்பலாக்கிவிட்டால் பல் குத்த என்ன மிஞ்சும்?

ஆகவே ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களிடம் மேடையிலேயே கேட்கிறேன்: ஊராட்சிக்கு ஒரு வைக்கோல் கட்டும் இயந்திரம், சிறு விவசாயிக்கு முன்னுரிமை, குறைந்த வாடகை. மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், சர்வே எண், அறுவடைத் தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கும் பாட்டிமார்களுக்கு மை வைத்திருக்கிறோம். கடைசிப் பேருந்து ஒன்பதே காலுக்கு, அந்தப் பக்கத்துக்காரர்கள் முதலில் போடட்டும்.