அரசர் நட்ட மல்பெரி

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மல்பெரிக்கு வயதாவதே கிடையாது. ஆளுயரம் வருவதற்குள் அறுத்துப் பட்டுப்புழுவுக்குப் போட்டுவிடுவோம். ஆண்டுக்கு ஐந்து அறுவடை. சின்ன வயதில் விடியற்காலையில் தழை அறுத்தே என் கைகள் காய்ப்புக் காய்த்தன. ஆனால் மல்பெரியை மரமாக நான் பார்த்ததில்லை.

பார்த்தது லண்டனில், மகள் வீட்டுக்குப் போயிருந்த ஓர் ஆகஸ்டு மாதம். தென்கிழக்கே கிரீனிச்சை ஒட்டிய சார்ல்டன் மாளிகைத் தோட்டம். யாரும் உள்ளே போகலாம். ஒரு காலத்தில் பொதுக் கழிப்பறையாக இருந்த பழைய செங்கல் கட்டடத்தின் அருகில் நிற்கிறது அந்த மரம். நட்டது 1608இல் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்த இனம் சீக்கிரமே கிழத்தோற்றம் கொண்டுவிடும் என்பதால் நான் அதை அப்படியே நம்பிவிடவில்லை. ஆனால் மாளிகை கட்டப்பட்டது 1607க்கும் 1612க்கும் இடையில். கட்டியவர் ஆடம் நியூட்டன், பட்டத்து இளவரசர் ஹென்றிக்கு ஆசிரியர். இளவரசரின் அப்பாவான முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கோ பட்டுப் பைத்தியம். பிரான்சைப் போல இங்கிலாந்திலும் பட்டு நெய்ய வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் மல்பெரிக் கன்றுகளை வரவழைத்து, நிலக்கிழார்கள் வாங்கி நட வேண்டும் என்றார். இன்று பக்கிங்ஹாம் அரண்மனை இருக்கும் இடத்திலும் அவருக்கு ஒரு மல்பெரித் தோட்டம் இருந்தது.

சரி, பட்டு வந்ததா? வரவில்லை.

காரணத்தை என் விரல்களே சொல்லிவிட்டன. இலையைத் தடவினேன். எங்கள் ஊர் மல்பெரி இலை வழவழவென்று இருக்கும். இது பேயத்தி இலை மாதிரி சொரசொரப்பு. அது வெள்ளை மல்பெரி, இது கருப்பு மல்பெரி. புழு இதையும் தின்னும். நூல்தான் முரடாக வரும். அதோடு இங்கிலாந்துக் குளிரில் இது துளிர்க்கவே மே மாதம் ஆகிவிடும். முட்டை பொரிந்து தழைக்குக் காத்திருக்கும் புழுவை யார் சமாளிப்பது? புழு வளர்த்தவர்களைக் கேட்டால், அந்தக் கவலையே ஒரு நோய் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வேண்டுமென்றே தவறான கன்றைத் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கருப்பு மல்பெரி பழத்துக்காக இங்கிலாந்தில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது. தெரிந்த மரத்தையே நட்டிருப்பார்கள்.

புழுவுக்கு உதவியிருந்தால் மொட்டை அடித்தே அதைக் குள்ளமாக்கியிருப்பார்கள். உதவாததால் விட்டுவிட்டார்கள், அதுவும் தன் பாட்டுக்கு வளர்ந்தது.

அப்புறம் அந்தப் பழம்! காம்பு என்று பேருக்குத்தான், கிளையோடு ஒட்டியே இருக்கிறது. பறிக்கப் போனால் கையிலேயே நசுங்கிவிடுகிறது. முதலில் நல்ல புளிப்பு, பின்னால் ஒரு கருந்தித்திப்பு. எங்கள் ஊர்ப் பழம் இதன் முன்னால் வெறும் சர்க்கரைத் தண்ணீர். நாலு பழம் தின்றேன். மகள் வாங்கித் தந்த வெள்ளைச் சட்டையில் அதன் கறை இன்னும் போகவில்லை.

வணக்கம்.