யானைமலைப் படத்தில் விழுந்த பட்டை, காரணம் தேங்காய் எண்ணெய்

வணக்கம் மக்களே. இதைப் பாருங்கள், இன்னும் ஈரம்கூடக் காயவில்லை, கிளிப்போடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வயல் வரப்பில் நின்று எடுத்த யானைமலை. தலையிலிருந்து வால் வரை முழு மலையும் ஒரே நெகட்டிவில். வானத்தில் ஒரு பட்டைகூட இல்லை! எடுத்தது காலை ஆறரைக்கு. அதுதான் முக்கியம்.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும்: படம் எடுத்த கேமரா நம்பர் 1 பனோரம் கோடக். 1900-ல் விற்பனைக்கு வந்த மாடல். உள்ளே பிலிம் பிறைபோல வளைந்து நிற்கும். பட்டனை அழுத்தினால் லென்ஸே ஸ்பிரிங் விசையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திரும்பும். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஒடுக்கமான பிளவு வழியாக வெளிச்சம் பிலிமைத் தடவிக்கொண்டே போகும். 112 டிகிரி காட்சி, 7 அங்குல நெகட்டிவ். தனியாக ஷட்டர் கிடையாது, அந்த வீச்சுதான் ஷட்டர். வீச்சு எங்கே தயங்குகிறதோ அங்கே வெளிச்சம் கூடிவிடும். பிரிண்டில் மேலிருந்து கீழாக வெளிறிய பட்டை விழும்.

அந்தப் பட்டைதான் மூன்று ரோலாக என் உயிரை எடுத்தது. ஒரு ரோல் 850 ரூபாய், அதில் நாலே படம். ஆக ஒரு படம் இருநூற்றுச் சொச்சம். மார்கழி முழுக்க நாலரை மணிக்கு எழுந்து போய் எடுத்த படங்கள், அத்தனையிலும் பட்டை. அதே கேமராவில் மத்தியானம் தெப்பக்குளத்தில் எடுத்தவை சுத்தமாக வந்தன.

போன வீடியோவில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, இறுக்கப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா? அது தப்பு. யாராவது அதைப் பார்த்துத் தங்கள் கேமராவில் ஸ்பிரிங்கை இறுக்கியிருந்தால் தயவுசெய்து பழையபடி விட்டுவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன கம்பி, உடைந்தால் மாற்று கிடைக்காது.

கீழமாசி வீதிப் பக்கம் சந்தில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை இருக்கிறது. அங்கே கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் மேல்தகட்டைக் கழற்றினார், கண்ணில் லூப்பை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டினார், பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இதுல எவன்ப்பா தேங்காய் எண்ணெய் விட்டது?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். மார்கழிக் காலையில் நம் வீட்டு பாட்டிலிலேயே வெள்ளையாக உறைந்து நிற்கும் அல்லவா? அதேதான் லென்ஸ் திரும்பும் இந்த அச்சிலும் நடந்திருக்கிறது. வெயில் ஏறினால் இளகிவிடும். எனக்கு முன்னால் இதை வைத்திருந்த யாரோ செய்த வேலை. நல்ல எண்ணத்தில்தான் விட்டிருப்பார்கள், ஆனாலும் எரிச்சல் தாங்கவில்லை. சமையலறை எண்ணெயை எந்த மெஷினிலும் விடாதீர்கள், தூசியைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும்.

அண்ணன் தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, பெட்ரோலில் நனைத்து, அச்சையும் நெம்புகோலையும் துடைத்துக்கொண்டே இருந்தார். பஞ்சு கறுப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, கடைசியில் வெள்ளையாக வந்தது. லென்ஸைச் சுற்றியுள்ள தோலில் ஒரு சொட்டும் படவில்லை. அப்புறம் ஊசிமுனையில் வாட்ச் ஆயில், அச்சின் மேலே ஒரு சொட்டு, கீழே ஒரு சொட்டு. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. இரண்டு மணி நேர வேலைக்கு இருநூறு ரூபாய்தான் வாங்கினார். கூடக் கொடுத்தேன், கையைத் தட்டிவிட்டார்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். இந்தக் கேமராவுக்கான 105 என்ற அளவு பிலிம் இப்போது வருவதில்லை, நான் போடுவது 120 என்ற அளவு. அகலம் ஒன்றுதான், பிலிம் சுற்றியிருக்கும் ஸ்பூலின் விளிம்புதான் வேறு. அதற்கு நான் செய்த வளையங்களைப் பழைய வீடியோவில் காட்டியிருக்கிறேன். இன்னொன்று, மேலே இருக்கிற ரசமட்டக் குமிழி நடுவில் நின்றால்தான் அழுத்த வேண்டும். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் அடிவானம் வில்லாக வளைந்துவிடும்.

முதல் பிரிண்ட் அண்ணனுக்குத்தான். கடைச் சுவரில் கடிகாரங்களுக்கு மேலே ஆணிகூட அடித்து வைத்துவிட்டார்.