எல்லாம் செய்வார், ஆனால் நான் சொல்ல வேண்டும்

அடுத்தது, திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா அனுப்பிய கேள்வி. மகனுக்கு ஆட்டிசம், 18 வயது முடியப் போகிறது. “குளிப்பான், சாப்பிடுவான், உடை மாற்றுவான். ஆனால் ஒவ்வொன்றையும் நான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அப்படியே நிற்பான். எனக்குப் பிறகு என்ன செய்வான்? பாதுகாவலர் சான்றிதழ் உடனே வாங்கிவிட வேண்டுமா?”

சான்றிதழை முதலில் முடித்துவிடுகிறேன். 18 வயது ஆனதும், பெற்றோர் என்பதாலேயே நாம் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டோம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நியமனம் ஆனால் ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்து விவரத்தைக் கொடுக்கும் பொறுப்பும் உங்களுக்கு வரும். குடும்ப ஓய்வூதியம், சொத்து, வங்கி என்று தேவை இருந்தால் வாங்குங்கள். 18 ஆகிவிட்டதே என்ற பதற்றத்தில் மட்டும் ஓடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவரையும் கலந்து பேசிக் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் துணை நிற்கும் பாதுகாவலருக்கும் இடம் தருகிறது. அதற்கு முன்னால், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டையை எடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேருங்கள். அதற்கு முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கிடையாது.

சரி, குளியலுக்கு வருவோம். தம்பிக்குக் குளிக்கத் தெரியும் அம்மா. “சோப்பு எடு, முதுகைத் தேய்” என்று இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, உங்கள் குரலும் குளியலில் ஒரு பாகமாகிவிட்டது. அது வரட்டும் என்றுதான் நிற்கிறார். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்திருந்தால் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பிடியைத் தளர்த்திக்கொண்டே விலகிவிடலாம். குரலை அப்படிக் குறைப்பது கஷ்டம்.

அதனால் குரல் செய்யும் வேலையைச் சுவருக்குக் கொடுங்கள். அவருடைய சோப்பு, மக், துண்டு இவற்றையே போட்டோ எடுத்து, லேமினேட் செய்து, குளிக்கும் வரிசையில் ஒட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் படம் வேண்டாம். எங்காவது நின்றுவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் பின்னாலிருந்து படத்தைக் காட்டுங்கள், பேசாதீர்கள். அப்புறம் கதவோரம், அப்புறம் கதவுக்கு வெளியே என்று தள்ளிப் போங்கள். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். பெரும்பாலும் ஹாலிலிருந்து பாட்டி, “தண்ணிய ஊத்துடா கண்ணா” என்று ஒரு குரல் கொடுப்பார், அன்றைய முயற்சி அதோடு போயிற்று!

புது வேலை கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். துணி துவைப்பதில், ஊறவைத்து அலசிப் பிழிவது வரை நீங்கள். கொடியில் போட்டுக் கிளிப் மாட்டுவது மட்டும் அவர். அது பழகியதும் பிழிவதும் அவர். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவர் அவராகவே இருப்பார். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும்.

இதில் எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. சொன்னால்தான் செய்வார் என்றால், யார் சொன்னாலும் செய்வார். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் “வா” என்றாலும் போவார். நாம் அதை ‘நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்பான்’ என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் குளியலோடு மறுப்பதையும் பழக்குங்கள். பேச வராவிட்டால் ‘வேண்டாம்’ என்று ஓர் அட்டை, அல்லது கையால் ஒரு சைகை. காலையில் இரண்டு சட்டையை நீட்டுங்கள், ஒன்றைத் தள்ளிவிட்டால் அதை அலமாரியில் திரும்ப வையுங்கள். பிடிக்காத பொரியலை வேண்டாம் என்றால் இரண்டாம் கரண்டி வைக்காதீர்கள். மருந்து, ரோடு கடப்பது மாதிரி விஷயங்களில் அவர் மறுத்தாலும் நீங்கள் விட முடியாது. அதனால்தான் விட முடிந்த இடத்தில் எல்லாம் அந்த மறுப்புக்குப் பலன் கிடைக்க வேண்டும். குளியலறைக் கதவை உள்ளேயிருந்து மூடுவதும் இந்தப் பாடத்தில் சேர்த்திதான். தாழ்ப்பாள் பயமாக இருந்தால், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாக மாற்றிவிடுங்கள். உள்ளே போகும்போது, தட்டிவிட்டுத்தான் போக வேண்டும், நீங்களும்.

சரி, அடுத்த கேள்வியைப் பார்க்கலாம்.