யாருக்கு எவ்வளவு பங்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் நூறு ரூபாயைக் கொடுத்து, உங்களுக்கும் ஒரு பங்கு தரச் சொல்கிறார்கள். எவ்வளவு என்பது அவர் இஷ்டம். நீங்கள் சம்மதித்தால் இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்குமே ஒரு பைசா கிடையாது. பத்து ரூபாய் நீட்டினால் வாங்கிக்கொள்வீர்களா?

1982இல் ஜெர்மனியில் வெர்னர் கூத் என்ற பொருளியலாளரும் சகாக்களும் இப்படி ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஏட்டுக் கணக்குப்படி ஒரு ரூபாயும் லாபம்தான். ஆனால் பல நாட்டுக் கல்லூரி மாணவர்கள் நாற்பது, ஐம்பது என்று கொடுத்தார்கள். இருபதுக்குக் கீழே நீட்டினால் பலர் மறுத்தார்கள். இதுதான் மனித இயல்பு என்று பேசப்பட்டது.

பிறகு ஜோசப் ஹென்ரிக் என்ற மானிடவியலாளர் இதே சோதனையோடு பெரு நாட்டு அமேசான் காட்டில் மச்சிகெங்கா மக்களிடம் போனார். அங்கே சராசரியாகக் கொடுத்தது 26 சதவீதம். அநேகமாக எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் கருமிகள் என்று எண்ணிவிடாதீர்கள். குடும்பம் குடும்பமாகத் தனித்துப் பிழைப்பவர்கள். அந்நியர் பங்கு தரவில்லையே என்று கோபப்பட அங்கே காரணமில்லை.

இந்தோனேசியாவின் லமலேரா என்ற கடலோர ஊரில் 58 சதவீதம். பாதிக்கும் மேலே! அங்கே திமிங்கில வேட்டை. ஈட்டி எறிந்தவர், துடுப்புப் போட்டவர்கள், பாய் தைத்தவர், படகு செய்த தச்சர் என்று ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு வழக்கப்படி முன்பே முடிவானது.

கடலூர் பக்கம் தேவனாம்பட்டினக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏலம் போன காசில் டீசலும் ஐஸும் கழியும். படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, மிச்சம் கடலுக்குப் போன ஆட்களுக்கு. ஒருநாள் அங்கே ஒரு வழக்கு. முதன்முறை கடலுக்குப் போன பையன். அரைப் பங்கு போதும் என்றார் ஒருவர். நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். “வலை இழுத்தபோது அவன் கை அரைக் கையா?” என்று கேட்டார். வேறு பேச்சில்லை. முழுப் பங்கும் பையன் கைக்கு வந்தது. நியாயம் படிப்பது இப்படித்தான் என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன், மறுபடியும் சொல்கிறேன். யாரோடு சேர்ந்து பிழைக்கிறோமோ அந்தப் பிழைப்புத்தான் கணக்கைக் கற்றுத்தருகிறது.

பாப்புவா நியூ கினியின் சில சமூகங்களில் பாதிக்கு மேல் கொடுத்தும் வேண்டாம் என்றார்கள். வாங்கினால் பிற்பாடு திருப்பிச் செய்ய வேண்டிய கடமை வந்துவிடும். மொய் நோட்டு வைத்திருக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. 2015இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு வெளியானது. கூட இருக்கும் குழந்தையைவிடத் தனக்குக் குறைந்தால் மறுக்கும் குணம் ஏழிலும் தெரிந்தது. தனக்கு அதிகம் கிடைத்தாலும் மறுக்கும் குணம், அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம், கனடா, அமெரிக்கா, உகாண்டா மூன்றில் மட்டுமே. நம் பிள்ளைகள் அந்த மூன்றில் இல்லை; ஏன் என்பதை இன்னொரு உரையில்தான் பேச வேண்டும். வணக்கம்.