"நோன்பு முடிஞ்சிருச்சே லாத்தா, இன்னும் என்ன கஞ்சி?" | ஷவ்வால் ஆறு நோன்பு | கீழக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. லாத்தாமாரே, தங்கச்சிமாரே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பெருநாள் வீடியோவுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் வர்றேன். அடுப்புல கஞ்சி கொதிக்குது, அகப்பையைக் கையில வச்சுக்கிட்டேதான் பேசப்போறேன். கிண்டுறதை விட்டா அடிப்பிடிச்சிரும்.

காலையில கறிக்கடைக்குப் போனேன். எந்தக் கடைன்னு சொல்லப்போறதில்ல. கஞ்சிக்குக் கொத்துக்கறி ஒரு நூறு கிராம் கேட்டேன். நம்ம வீட்டுக் கஞ்சிக்கு அது தாராளமாப் போதும், பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்தத் தம்பி சொல்றாரு, "நூறு கிராம்லாம் கொத்த முடியாது லாத்தா, அரைக் கிலோ வாங்குங்க". கிலோ ஆயிரம் ரூபாய். அரைக் கிலோன்னா ஐந்நூறு. ஒரு சட்டிக் கஞ்சிக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கறியா? ரமலான்ல இதே கடையில, இதே தம்பி, அம்பது கிராம் கேட்டவங்களுக்கும் முகம் கோணாம கொத்திக் கொடுத்தாரு. அதைக் கேட்டேன். அதுக்குத்தான் அவரு சொன்னது: "நோன்புதான் முடிஞ்சிருச்சே லாத்தா, இன்னும் என்ன கஞ்சி?"

எனக்குக் கறி கிடைக்காததுகூடப் பெருசாத் தெரியல. அந்த வார்த்தைதான் வீடு வர்ற வரைக்கும் மனசுக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இருங்க, வீடு வர்றதுக்கு முன்னாடி இன்னொரு கடைக்குப் போனேன்ல, அதைச் சொல்லணும். மீன் மார்க்கெட் பக்கம் ஒரு வயசானவர் கட்டை போட்டு உட்கார்ந்திருப்பாரு. அவருகிட்டக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசல, எடுத்தாரு, நூறு கிராம் கத்தியாலயே கொத்துனாரு, நூறு ரூபாய் வாங்கிக்கிட்டாரு. மெஷின்ல போடல! மெஷின்ல அரைச்ச கறி கஞ்சியில மாவாக் கரைஞ்சு போகும், எனக்கு அது ஆகவே ஆகாது. கத்தியால கொத்துனது இங்க பாருங்க, ஒவ்வொன்னும் தனித்தனியா, வாயில கடிபடுற மாதிரி. மாஷா அல்லாஹ். அந்தப் பெரியவருக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். இனிமே எனக்கு அந்தக் கடைதான்.

சரி, அந்த வார்த்தைக்கு வர்றேன். நோன்பு முடிஞ்சிருச்சா?

நபித்தோழர் அபூ அய்யூப் அல் அன்சாரி ரலியல்லாஹு அன்ஹு அறிவிக்கிற ஹதீஸ் (நபிமொழி), ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்புல இருக்கு. ரமலான் நோன்பை வச்சு, அதைத் தொடர்ந்து அடுத்த மாசமான ஷவ்வால்ல ஆறு நோன்பும் வச்சா, அவர் காலமெல்லாம் நோன்பு வச்சவர் மாதிரின்னு ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொன்னாங்க. உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) கணக்காவே சொல்லுவாங்க: ஒரு நன்மைக்குப் பத்து கூலி, அப்போ முப்பதுக்கு 300, ஆறுக்கு 60, ஒரு வருஷம் வந்துருச்சு. சுப்ஹானல்லாஹ், ஆறு நாள்தான். பெருநாள் அன்னைக்கு மட்டும் நோன்பு வைக்கக் கூடாது, ஹராம். மறுநாள்லேர்ந்து ஷவ்வால் பிறை முடியிறதுக்குள்ள எப்ப வேணா வைக்கலாம். நம்ம ஷாபிஈ மத்ஹபுல (மார்க்கச் சட்ட வழியில) பெருநாள் முடிஞ்ச கையோட தொடர்ச்சியா வைக்கிறது சிறப்பு. விட்டு விட்டு வச்சாலும் நிறைவேறும்.

எங்க தெருவுல ரமலான்ல எப்படி இருக்கும்னு வீடியோவுலயே பார்த்தீங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடுற பிள்ளைங்க, அந்த வரிசையில முஸ்லிம் அல்லாத நம்ம அக்கம்பக்கத்து ஆளுகளும் நிப்பாங்க. அரசாங்கம் கொடுக்கிற பச்சரிசியில பள்ளிக்குப் பள்ளி கஞ்சி. ராத்திரி பெண்கள் எல்லாம் ஒரே வீட்டுல கூடித் தராவீஹ் தொழுகை. விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுற சஹருக்கு மைக்குல எழுப்புவாங்க. ஊரே நம்மளத் தூக்கிக்கிட்டுப் போகும். இப்ப எழுப்ப ஆளு கிடையாது, பள்ளியில கஞ்சி கிடையாது. பெருநாள் சாயங்காலம் ஜெட்டிப் பாலத்துல கால் வைக்க இடமில்லாம நின்ன கூட்டத்துல பாதியாவது இப்ப விடியக்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளியில நிக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. வாப்பா போயிட்டு வந்து சொல்றாங்க, ரமலான்ல வாசல் வரைக்கும் வந்த வரிசை இப்ப முன் பக்கத்தோட நின்னுருச்சாம்.

குர்ஆன்ல நஹ்ல் சூராவுல ஒரு வசனம் வரும், 16:92. நூலைக் கெட்டியா நூத்து முடிச்சிட்டு, தானே இழை இழையாப் பிரிச்சுப் போட்ட பெண்ணைப் போல ஆகிடாதீங்கன்னு. செஞ்ச சத்தியத்தை முறிக்கிறவங்களைப் பத்தி இறங்கின வசனம் அது. ஆனா ஷவ்வால்ல அதை ஓதும்போது எனக்கு ரமலான் ஞாபகம்தான் வரும். ஒரு மாசம் கஷ்டப்பட்டு நூத்தோமே! முப்பது நாளா புறம் பேசாம அடக்கி வச்ச நாக்கை, பெருநாள் பிரியாணி சட்டி காலியாகிறதுக்குள்ள அவுத்து விட்டுட்டா எப்படி?

அடடா, வெந்தயம் சொல்லாம விட்டுட்டேன். பச்சரிசி, பாசிப்பருப்பு போடும்போதே வெந்தயமும் ஒரு ஸ்பூன் போட்டாச்சு. தேங்காய்ப்பால் கடைசியில. ரெடிமேட் கஞ்சிப் பாக்கெட்டு நல்லா இருக்குமான்னு கேட்டிருந்தீங்க. எனக்குப் பிடிக்காது. ஏலக்கா வாசம் மட்டும்தான் வரும், பூண்டு வாசமே இருக்காது. பூண்டு இல்லாம என்ன கஞ்சி.

நன்றியைப் பத்திச் சொல்ல வந்தேன். நோன்பைக் கடமையாக்குன வசனங்களோட சேர்ந்தே 2:185 வருது பாருங்க, அது எப்படி முடியுதுன்னா: எண்ணிக்கையை முழுமையாக்குங்க, நேர்வழி காட்டினதுக்காக அல்லாஹ்வைப் பெருமைப்படுத்துங்க, நீங்க நன்றி செலுத்துறதுக்காகன்னு முடியுது. பெருநாள் ராத்திரி நம்ம பள்ளியெல்லாம் அல்லாஹு அக்பர்னு தக்பீர் முழங்குச்சே, அதுக்கு ஆதாரம் இந்த வசனம்தான். அப்ப மாசத்தோட கடைசி வேலையே நன்றி சொல்றது. ரசூலுல்லாஹ் கால் வீங்குற அளவுக்கு ராத்திரி நின்னு தொழுவாங்க. உங்க முன் பின் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டுருச்சே, ஏன் இவ்வளவுன்னு கேட்டப்போ, "நான் நன்றியுள்ள அடியானா இருக்க வேண்டாமா?"ன்னாங்க. புகாரி, முஸ்லிம் ரெண்டுலயும் இருக்கு. இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். நமக்கு ஒரு மாசம் முழுசா வைக்கிற உடம்பைக் கொடுத்தான். போன வருஷம் எங்களோட கஞ்சி குடிச்ச உம்மம்மாவுக்கு, எங்க பாட்டிக்கு, இந்த ரமலான் கிடைக்கல. எனக்குக் கிடைச்சுது. வாயால அல்ஹம்துலில்லாஹ் சொல்றதோட அது தீருமா?

நீங்க நோன்பான்னு சில பேரு கேக்குறீங்க. அதை நான் சொல்ல மாட்டேன், கோச்சுக்காதீங்க. நோன்பு எனக்குரியது, நானே அதுக்குக் கூலி கொடுப்பேன்னு அல்லாஹ் சொல்றான். ரமலான்ல எல்லாரும் நோன்புன்னு ஊருக்கே தெரியும். ஷவ்வால் நோன்பு அவனுக்கும் நமக்கும் மட்டும் தெரிஞ்சா எவ்வளவு அழகு! இந்தக் கஞ்சி எங்க தெருவுல நோன்பு வைக்கிற லாத்தாமாருக்கு. யாரு யாருன்னும் காட்ட மாட்டேன்.

கழா நோன்பு, அதாவது ரமலான்ல விட்டுப்போன நோன்பு, உள்ள பெண்களுக்கு ஒரு விஷயம். முதல்ல விட்டுப்போனதை வைக்கணுமா, ஆறு நோன்பை வைக்கணுமான்னு உலமாக்களுக்குள்ள கருத்து வேறுபாடு இருக்கு. கடனை முதல்ல அடைக்கணும்னு சிலர் சொல்றாங்க. ரசூலுல்லாஹ்வோட மனைவி ஆயிஷா நாயகிக்கு விட்டுப்போன நோன்பை, அடுத்த ரமலானுக்கு முந்தின மாசமான ஷஃபான்லதான் வைக்க முடிஞ்சுதுன்னு வர்ற ஹதீஸைக் காட்டி, கழாவைப் பிறகு வச்சுக்கலாம்னு சிலர் சொல்றாங்க. ஷவ்வால்லயே கழா வச்சா ஆறோட நன்மையும் கிடைக்கும்னு ஷாபிஈ இமாம்கள்ல சிலர் சொல்லியிருக்காங்க. உங்க ஊருல மார்க்கம் படிச்ச ஆலிமாகிட்டக் கேட்டு முடிவு பண்ணுங்க. கழாவுக்கு ராத்திரியே நிய்யத்து (நோன்பு வைக்கிற எண்ணம்) வச்சிரணும், அது மட்டும் மறக்காதீங்க. சுன்னத்தான நோன்புக்கு, சுபுஹுலேர்ந்து ஒன்னும் சாப்பிடாம இருந்தா மத்தியான லுஹருக்கு முன்னாடி நிய்யத்து வச்சாலும் ஆகும்.

உடம்பு முடியாதவங்க கவலைப்படாதீங்க. அமல்கள்ல (நற்செயல்கள்ல) அல்லாஹ்வுக்கு ரொம்பப் பிரியமானது, குறைவா இருந்தாலும் தொடர்ந்து செய்றதுன்னு ஹதீஸ் இருக்கு. தராவீஹ் இருபது ரக்அத் நின்ன காலு, இப்ப தூங்கப் போறதுக்கு முன்னாடி வித்ரு தொழுகை மட்டுமாவது தொழட்டும். தினம் ஒரு ஜுஸ்வு (குர்ஆன்ல முப்பதுல ஒரு பங்கு) ஓதினவங்க ஒரு பக்கம் ஓதுங்க.

சஹருக்கு என்ன ஆக்குறதுன்னு கேட்டவங்களுக்கு: முந்தின நாள் வச்ச மீன் ஆணமும் (மீன் குழம்பும்) சோறும்தான் எங்க வீட்டுல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது, அப்புறம் நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை ஏறிரும். அதனால ஆறு நோன்பை இழுத்துப் போடாம இப்பவே வச்சிருங்க, மீனும் மலிவு, பிறையும் இருக்கு.

தேங்காய்ப்பால் ஊத்தியாச்சு, இனி கொதிக்க விடக்கூடாது. மல்லி, புதினா தூவி இறக்குறேன். நாலு வீட்டுக்கு ஊத்தணும், நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. அடுத்த வீடியோ தொதல் இனிப்பு, அதுக்குக் கருப்பட்டி உடன்குடியிலேர்ந்து வரவேண்டியிருக்கு, வந்ததும் போடுறேன் இன்ஷா அல்லாஹ். துஆவுல எங்க உம்மம்மாவையும் சேர்த்துக்குங்க. அஸ்ஸலாமு அலைக்கும்.